ஐயா வீட்டுச் சொந்தங்கள்: படத்திறப்புப் பேனர்

சிங்கப்பூர் கார்த்தி: பேனர் டிசைன் வந்துருச்சு, 8-க்கு 6 அடி. ஐயா கருமாதிக்கு இன்னும் 3 நாள்தான். இன்னைக்கு ஓகே சொன்னாத்தான் நாளைக்குப் பிரிண்ட் 👆

வள்ளி அத்தை: அப்பா முகம் நல்லா விழுந்திருக்கு 🙏

மில்ட்ரி சித்தப்பா: அச்சுக்குக் கொடுத்துடாதே தம்பி. கடைக்காரர் போட்டோவை இடவலமா மாத்திட்டார். மெடல் வலது நெஞ்சுல தெரியுது பாரு. அது இடது பக்கம்தான் வரணும். தொப்பிச் சின்னமும் இடது கண்ணுக்கு மேலே நிக்கணும்.

கார்த்தி: மாலை படத்தோட இடிக்குதுன்னு திருப்பினாராம்

மில்ட்ரி சித்தப்பா: மாலையைத் திருப்பச் சொல்லு. ஐயாவைத் திருப்பக் கூடாது. கீழே இருக்க வாள் படத்தையும் எடு. ஐயா இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்துல முக்கியமா இருக்கறது யானை, வெறும் வாள் இல்லை.
"பங்களாதேஷ் போர் வீரர் சுபேதார்"னு போட்டிருக்கே, அதுவும் மாறணும்.

தேவகோட்டை மாமா: ஊரே அப்படித்தானே கூப்பிட்டுச்சு மாப்ள

மில்ட்ரி சித்தப்பா: ஊர் கூப்பிட்டது வேற மாமா. அப்பா பெட்டியில இருக்கற மெடல் பச்சிமி ஸ்டார். 71-ல மேற்கு எல்லையில நின்னவங்களுக்குக் கொடுத்தது. கிழக்கே போயிருந்தா பூர்வி ஸ்டார் இருந்திருக்கும். கூட இருக்க சங்கிராம் மெடல் அப்பப் பட்டாளத்துல இருந்தவங்களுக்குப் பொதுவா வந்தது, அதை வச்சு எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. "1971 போர், மேற்கு முனை"ன்னு போடுங்க. அப்பா ஹவில்தாரா, அதாவது சுபேதாருக்குக் கீழ்ப் பதவியில, ஓய்வு பெற்றவர். கௌரவப் பதவி பிறகு வந்துச்சு. அதனால "கௌரவ நாயிப் சுபேதார் (ஓய்வு)". வாங்காத ஒண்ணைத் தன் பேர்ல சேர்க்க அவர் கடைசி வரைக்கும் விட்டதில்லை.

மீனா: உண்மை 😢

வள்ளி அத்தை: மெடல் எல்லாம் கறுத்துக் கிடக்கு. புளி போட்டுத் தேய்ச்சு வைக்கட்டா

மில்ட்ரி சித்தப்பா: வேணாம் அக்கா!! புளி உலோகத்தை அரிச்சிடும், ரிப்பன்ல கறை ஏறினா போகாது. அவர் நம்பரும் பேரும் விளிம்புல பொறிச்சிருக்கும், தேய்க்கத் தேய்க்க அழியும். காஞ்ச பருத்தித் துணியால ஒத்தி எடுங்க, போதும். பிரேம்ல நாம பார்க்கறப்ப இடமிருந்து வலமா பச்சிமி ஸ்டார், சங்கிராம், சுதந்திர 25-ஆம் ஆண்டு, 20 வருசச் சேவை, 9 வருசச் சேவை மெடல்னு வரிசையா வைங்க.

பெரியப்பா: பெட்டி இப்ப யார் வீட்ல இருக்கு

வள்ளி அத்தை: அப்பா கடைசியா எங்க இருந்தாரோ அங்கதான் அண்ணே

பெரியப்பா: சரி

தேவகோட்டை மாமா: சமையக்காரர் இலைக் கணக்குக் கேக்குறார். 250?

பெரியப்பா: கண்டனூர்க்காரங்களைச் சேத்தியா

மீனா: கவுனியரிசி உண்டா

வள்ளி அத்தை: அது கல்யாணத்துக்குடி. வடை பாயாசம் போதும்

மீனா: சித்தப்பா, அப்பத்தா பென்ஷனுக்கு என்ன பண்ணணும்?

மில்ட்ரி சித்தப்பா: முதல் வேலை, ஐயா கணக்குல இனி பென்ஷன் விழுந்தா யாரும் எடுக்காதீங்க. இறந்த தேதிக்குப் பிறகு வந்ததைத் திரும்பப் பிடிப்பாங்க. இறப்புச் சான்றிதழ், பிபிஓ (பென்ஷன் உத்தரவு), டிஸ்சார்ஜ் புக், அப்பத்தா ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் வேணும். ராணுவப் பென்ஷன் இணையதளம் ஸ்பர்ஷ்லதான் ஏத்தணும். சிக்கல் பேர்லதான். பட்டாளத்துப் பதிவுல "மீனாட்சி", ஆதார்ல "மீனாள்". ரெண்டும் ஒருத்தர்தான்னு அஃபிடவிட் போட்டு வெலிங்டன்ல இருக்க ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பணும். சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்வாங்க. அப்பத்தா பிறந்த தேதியும் பிபிஓ-ல ஏறணும். ஏறலைன்னா 80 வயசு முடிஞ்சதும் வர வேண்டிய 20 சதவீதக் கூடுதல் தானா வராது.

பெரியப்பா: கருமாதி முடியட்டும்

மீனா: பிபிஓ பெட்டிலதானே இருக்கு?

வள்ளி அத்தை: இருக்கு. எல்லாரும் வந்தப்புறம் தொறப்போம்

கார்த்தி: புது டிசைன் 👆 பின்னாடி தேசியக் கொடி போட்டாச்சு

மில்ட்ரி சித்தப்பா: கொடி மேல எழுத்து வரக் கூடாதுப்பா, சட்டப்படியே தப்பு. வெறும் பச்சைப் பின்னணி போதும்.

கார்த்தி: கடை அடைச்சுட்டாங்க. காலைல 9 மணிக்குச் சொல்றேன்

தேவகோட்டை மாமா: இலை 250-ஆ 300-ஆ?