ஓட்டில் 1865 என்று இருக்கிறது, அண்ணா இடிக்கச் சொல்கிறார்

கேள்வி – குந்தடி (வவுனியா)

வவுனியா ரெயில் ஸ்ரேசனிலிருந்து ஏழெட்டு நிமிட நடையில் எங்கள் வீடு. அம்மம்மா அம்மாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. போன ஆண்டு அம்மா காலமான பிறகு காணி உறுதி என் பெயருக்கும் அண்ணாவின் பெயருக்கும் வந்தது. நான் இங்கே, அண்ணா ரொறன்ரோவில்.

முன்னுக்கு நீளமான விறாந்தை. அதன் ஓரம் முழுக்க முழங்கால் உயரத்தில் குந்து, அதாவது இருக்கிற திண்ணை. நடுவில் ஹோல், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அறை, பின்னால் தனியாக அடுப்படி. சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. கதவு நிலையெல்லாம் முதிரை, கூரை தாங்குகிற வளையும் தீராந்தியும் பாலை மரம். சித்திரை வெயிலில் றோட்டுத் தார் இளகுகிற நேரத்தில்கூட ஹோலில் மின்விசிறி இல்லாமல் நித்திரை கொள்ளலாம். பக்கத்து மேல்வீட்டுக்காரர் ஏசி பில்லைக் காட்டி அழுவதே எங்கள் விறாந்தையில் இருந்துதான்.

அந்தக் குந்து எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கீரைக்கார அம்மா கடகத்தை இறக்கி வைப்பது அதில். ரெயில் பிந்தினால் தெரியாத சனம்கூடக் கேற்றைத் திறந்து வந்து, ஒரு சொல் கேட்டுவிட்டு இருக்கும். சின்ன வயதில் எங்கள் ஒழுங்கையில் இப்படி ஒன்பது வீடு எண்ணுவேன். இப்போது எங்களுடையதும் மூலை வீடும்தான். மூலை வீட்டில் ஆளில்லை, முகட்டில் ஆல் முளைத்துவிட்டது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி வைத்த கடை, ரியூசன், லொட்ஜ்.

இனிப் பிரச்சினை. வீட்டின் மேற்குப் பக்கச் சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. பெயின்ற் கொப்புளம் கட்டி உரிகிறது, பஞ்சு மாதிரி வெள்ளையாக உவர் பூக்கிறது. நாலு ஆண்டுக்கு முன் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசினோம். மேசன் நல்ல வேலைக்காரர், பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் முழங்காலோடு நின்ற ஈரம் அதற்குப் பிறகுதான் மேலே ஏறியது. கூரையைக் குரங்குப் பட்டாளம் பார்த்துக்கொள்கிறது. கிழமைக்கு நாலு ஓடு போகும்.

போன மாதம் விழுந்து உடைந்த ஓடு ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் ஆங்கில எழுத்தில் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு. கை நடுங்கிப் போய் அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். அவர் சொன்ன பதில்: "நூற்றைம்பது வருசம் தாண்டினது எண்டால் இன்னும் கெதியா இடிக்க வேணும். தலையில விழப்போகுது."

அவர் கேட்பது கீழே நாலு கடை, மேலே வீடு. கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, 2012இல் கூரைக்குச் சலாகை மாற்றக் காசு அனுப்பியவரே அவர்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. வீடு உண்மையில் 1865ஆ? இவ்வளவு பழைய வீட்டை இடிக்கச் சட்டம் விடுமா? அந்தச் சுவருக்கு என்ன மருந்து?

பதில் – கோப்பிசம் (அக்கராயன்)

தங்கச்சி, முதல் கேள்விக்கு மட்டும் நான். 1865 என்பது ஓடு செய்த ஆண்டும் இல்லை, வீடு கட்டின ஆண்டும் இல்லை. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கின ஆண்டு. நாங்கள் கடைப் பெயர்ப் பலகையில் "ஸ்தாபிதம்" என்று போடுவது போல அவர்கள் ஒவ்வொரு ஓட்டிலும் அச்சடித்தார்கள். 1868 என்று அச்சடித்த ஓடும் இங்கே நிறைய உண்டு, அது மங்களூரில் இன்னொரு கம்பனி. இரண்டையும் வைத்து "எங்கட வீடு வெள்ளைக்காரன் காலத்து முதல் வீடு" என்று சண்டை பிடிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பெயரை வைத்து ஒன்று சொல்லலாம். முதலாம் உலகப் போர் வந்ததும் ஆங்கிலேயர் அந்த மிஷனின் தொழிற்சாலைகளைப் பறித்தார்கள். பிறகு அவை கொமன்வெல்த் ட்ரஸ்ட் என்ற பெயருக்குப் போயின. ஆகவே உங்கள் ஓடு அதற்கு முந்தியது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ரெயில் ஓடத் தொடங்கியது 1905இல். அதற்கு முன் இவ்வளவு ஓட்டை வண்டியில் கட்டி வன்னிக் காட்டுக்குள்ளால் கொண்டுவந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஸ்ரேசனுக்குக் கிட்ட வீடு என்கிறீர்கள், ரெயிலில் வந்து இறங்கியிருக்கும்.

அதற்காக வீடும் அந்தக் காலத்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஓடு நடக்கும். 2008இல் சண்டையால் அக்கராயனிலிருந்து இடம்பெயர்ந்தபோது எங்கள் கூரையை நாங்களே கழற்றினோம். ஆயிரத்துச் சொச்சம் ஓடு, இரண்டு கதவு, ஒரு யன்னல் நிலை, எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில். தருமபுரத்தில் இறக்கி ஒரு கொட்டில் போட்டோம். அங்கிருந்து விசுவமடு. அங்கே ஓட்டை அடுக்கிவிட்டு, கதவை மட்டும் ஏற்றினோம். அதற்குப் பிறகு கதவும் இல்லை. 2010இல் திரும்பி வந்தபோது தகரத்துக்குக் கீழே இருந்தோம். எங்கள் ஓடு யாருடைய கூரையில் இருக்கிறதோ, இருக்கட்டும்.

வீட்டின் வயதைக் கேட்க வேண்டியது ஓட்டிடம் இல்லை, ஓட்டைத் தாங்குகிற மரச் சட்டகமான கோப்பிசத்திடம். மேலே ஏறி, கைமரமும் வளையும் பொருந்துகிற இடங்களை டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத் தச்சர் மரத்தைக் கீழே பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று உளியால் கோடு வெட்டிவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். ஒரு கோடு, இரண்டு கோடு, குறுக்குக் கோடு என்று வரிசையாகப் போனால் கூரை அந்தச் சுவருக்கென்றே செய்தது. வரிசை குழம்பியிருந்தால் மரம் வேறு வீட்டிலிருந்து வந்தது.

பதில் – நீறு (நெடுங்கேணி)

சுவர் விசயம் என் தொழில்.

அக்கா, சுவருக்கு வருத்தம் இல்லை, அதற்குப் போட்ட சட்டைதான் பிழை. பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிலத்து ஈரத்தைக் குடிக்கும், வெயில் பட்டால் வெளியே விடும். சீமெந்து அந்த வாசலைப் பூட்டிவிட்டது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் சுவருக்குள்ளால் மேலே ஏறுகிறது. மேலே பிளாஸ்டிக் பெயின்றும் அடித்திருப்பீர்கள், அது இரண்டாவது பூட்டு.

பூச்சைத் தொடுவதற்கு முன் வெளியே போய் நில மட்டத்தைப் பாருங்கள். மேற்குப் பக்கம் கிரவல் கொட்டி உயர்த்தினீர்களா? றோட்டைக் கார்ப்பெற் போட்டு ஒரு அடி உயர்த்தி, மழைத்தண்ணீர் இப்போது உங்கள் வளவுக்குள் நிற்கிறதா? நான் பார்த்த பத்து வீட்டில் எட்டு வீட்டுக் கதை இதுதான். கட்டினபோது வெளி நிலத்திலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போயிருப்பீர்கள். இப்போது எத்தனை படி? ஒன்று புதைந்திருந்தால் அந்த மண்ணை எடுங்கள், சுவரோரம் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுங்கள். பாதி வருத்தம் அதோடு போகும்.

அதற்குப் பிறகு சீமெந்துப் பூச்சை ஈரம் ஏறின இடத்துக்கு மேலே இன்னும் ஒரு அடி வரை மெதுவாகக் கொத்தி எடுங்கள். பெரிய சுத்தியல் வேண்டாம், கல் உடையும். எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே விடுங்கள். உவர் பூக்கும், காய்ந்த தும்புத்தடியால் தட்டுங்கள், கழுவாதீர்கள். மாரி தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னே பூச்சு வேலையை முடிக்க வேண்டும்.

பூசுவது சுண்ணாம்பு. பை கிழித்து அன்றே குழைப்பது இல்லை. நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீர் மூடி நிற்கக் குறைந்தது மூன்று கிழமை கிடத்த வேண்டும். தயிர்க்கட்டி போல வரும், கரண்டியில் ஒட்டும். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, உவர் இல்லாத ஆற்று மணல். பழைய ஆட்கள் பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறின தண்ணீரும் விடுவார்கள். நான் கடுக்காய் மட்டும் விடுகிறேன், பனங்கட்டி விற்கிற விலைக்கு அதைத் தேத்தண்ணியோடு கடிப்பது புத்தி. பூசின பிறகு ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமை வெயில் படாமல் காக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும்.

சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை.

பதில் – காணிக்கந்தோர் (வவுனியா)

சட்டம் கேட்டீர்கள். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தில் எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதற்கு முந்திய கட்டடம் என்றால்தான் பழைய நினைவுச் சின்னம் என்ற வரைவிலக்கணத்துக்குள் வரும். பிந்தியது என்றால் தனியாக வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வேண்டும். கோப்பிசம் அண்ணை சொல்கிற கணக்குப்படி உங்கள் வீடு இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் பிள்ளை. ஆகவே இடிக்காதே என்று யாரும் வந்து நிற்கப் போவதில்லை.

நீங்களாகப் போய் அறிவிக்கச் சொல்லலாம்தான். ஆனால் கோயில் இடமா தொல்பொருள் இடமா என்று தகராறு நடக்கிற குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலைச் செய்திகளோடு வாழ்கிற ஊரில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் சனத்துக்கு வயிறு கலங்கும். அண்ணாவுக்கும் கலங்கும். காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமையானது. உள்ளே வீட்டுக்காரர் ஒரு யன்னலை மாற்றுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். வீடுகள் தப்பின, ஆனால் பல வீடு ஹோட்டலாகிவிட்டது, குடியிருந்த சனம் விற்றுவிட்டுப் போனது. அந்த வழி உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள்.

உங்கள் கையில் இருக்கிற பலம் வேறு. பிரிக்காத உறுதி, இரண்டு பெயர். உங்கள் கையெழுத்து இல்லாமல் அண்ணா மாநகரசபையில் கட்டட அனுமதி எடுப்பது லேசில்லை. அதைச் சண்டைக்குப் பாவிக்காமல் பேச்சுக்குப் பாவியுங்கள். கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் காலத்து ஆஸ்பத்திரியை 2011இல் கடைகளாக்கித் திறந்தார்கள். தடித்த சுவர், ஓட்டுக் கூரை, நடு முற்றம் எல்லாம் அப்படியே. அண்ணாவுக்கு நாலு கடை வேண்டும் என்றால் றோட்டுப் பக்க அறை இரண்டும் கடையாகலாமே. மற்ற இரண்டையும் வளவு மூலையில் புதிதாகக் கட்டலாம்.

பதில் – ஐந்தரை லட்சம் (கிளிநொச்சி)

எல்லோரும் காக்கச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். நான் இருப்பது இந்தியன் வீட்டுத்திட்ட வீட்டில், சண்டைக்குப் பிறகு இந்திய அரசின் காசில் கட்டினது. ஐந்தரை லட்சம் தந்தார்கள், மிச்சத்துக்கு அம்மாவின் சங்கிலி. சுவர் ஒரு கல் தடிப்பு, மத்தியானம் உள்ளே இருக்க ஏலாது, வேப்ப மரத்துக்குக் கீழேதான் சீவியம். எங்கள் வட்டாரத்தில் பழைய வீடு என்றால் 2012.

அதனால் உங்கள் வீட்டைப் பார்க்க ஆசைதான். ஆனால் கூரைக்கும் சுவருக்கும் ஆண்டாண்டு காசு யார் போடுவது? அண்ணா போடாவிட்டால் மூலை வீட்டுக்கு வந்த ஆல் உங்கள் வீட்டுக்கும் வரும். பூட்டி வைத்து விழ விடுவதை விட இருக்கும்போதே மரத்தைக் கழற்றி விற்பது மேல். முதிரைக்கு இன்றைக்கு என்ன விலை என்று தெரியும்தானே. கடை வாடகையில் ஒரு பங்கு கூரைக்கு என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

மறுமொழி – குந்தடி

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமையாக எழுத நேரமில்லை.

கோப்பிசம் அண்ணை, பக்கத்து வீட்டுப் பெடியனை மேலே ஏற்றினேன். ஹோலுக்கும் அறைகளுக்கும் மேலே கோடு ஒன்றிலிருந்து பதினொன்று வரை வரிசையாகப் போகிறது. அடுப்படிக் கூரையில் மட்டும் குழப்பம், ஒரு வளையில் நாலு கோடு, அடுத்ததில் ஒன்பது. அது எங்கிருந்தோ வந்த மரம். அம்மம்மா அடுப்படியை "வாங்கின அடுப்படி" என்றுதான் சொல்லுவா. காசு கொடுத்துக் கட்டினது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீறு தம்பி, படி இரண்டு இருந்தது சரி. ஒன்று கிரவலுக்குள். கிண்டிப் பார்த்தால் முழுசாக இருக்கிறது.

மேற்குப் பக்கச் சாமான் அறையில் பூச்சைக் கொத்தத் தொடங்கினோம். கதவை ஒட்டின துண்டில் அன்றைக்கு மேசன் பழைய பூச்சை எடுக்காமல் அதன் மேலேயே சீமெந்தைப் பூசியிருக்கிறார். தட்டினதும் சீமெந்து பாளமாக விழ, உள்ளே பழைய வெள்ளை. அதில் கரிக்கோடுகள். ஏழு ஏழாகக் கட்டுக்கட்டாக, பக்கத்தில் ஒரு கட்டு மூன்றோடு நிற்கிறது. முதலில் நெல்லு மூட்டைக் கணக்கு என்று நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், வவுனியாவில் நிற்கப் பாஸ், அதாவது பாதுகாப்புப் படையினர் தருகிற தங்கல் அனுமதி, வேண்டுமே. வன்னிக்குள்ளிருந்து வந்த சனம் அந்த அறையில்தான் மாறி மாறி இருந்தது. ஒரு கிழமைப் பாஸ் என்றால் ஏழு கோடு, புதுப்பித்தால் அடுத்த ஏழு. மூன்றோடு நிற்பது யாருடையது, ஏன் நின்றது என்று சொல்ல இப்போது அம்மாவும் இல்லை.

படத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அடுத்த நாள் காலை போன் எடுத்தார். மூன்றோடு நிற்கிற கட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரெயில் கீறியிருக்கும், தெரிகிறதா என்று கேட்டார். டோர்ச் அடித்துப் பார்த்தேன், இருக்கிறது, இரண்டு பெட்டி. அவர் கீறினதாம். அந்த அறையில் இருந்த ஒரு சின்னப் பெடியனுக்கு.

இடிப்பதா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. றோட்டுப் பக்க அறை இரண்டுக்கும் ஷட்டர் போட எவ்வளவு என்று விலை கேட்கச் சொல்லியிருக்கிறார். வாடகையில் கூரைப் பங்கை எழுத்தில் வைப்பதற்கும் ஓம் என்றார். சாமான் அறையின் அந்தத் துண்டை மட்டும் பூசாமல் விட்டால் சுவருக்குக் கூடாதா, நீறு தம்பி? அல்லது சுற்றிவரப் பூசி, நடுவில் விடலாமா?

நல்ல சுண்ணாம்பு வவுனியாவுக்குள் எங்கே எடுக்கலாம் என்றும் சொல்லுங்கோ. குரங்குக்கு ஒருவரும் வழி சொல்லவில்லை. இன்றைக்குக் காலையும் மூன்று ஓடு.