ஒருசந்தி (நோன்பு) நாளில் சர்க்கரை நோயாளிகள்: திருச்சபைச் சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது?

அன்பியப் பொறுப்பாளர் (கேள்வி):
தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்குகிறது. எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு) அறுபதைத் தாண்டிய அம்மாமார் பலர் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார்கள், இருவர் இன்சுலின் போடுகிறார்கள். பெரிய வெள்ளியன்று கஞ்சித்தண்ணிகூடக் குடிக்காமல் மூன்று மணி வழிபாடு முடியும்வரை இருப்பதுதான் ஒருசந்தி என்கிறார்கள். "சாப்பிட்டுட்டு வாங்கம்மா" என்றால், "அது பாவமாகாதா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். விதியையும் விட்டுக்கொடுக்காமல், அவர்கள் மனதும் நோகாமல் என்ன சொல்வது?

மறைக்கல்வி ஆசிரியர்:
முதலில் விதி என்ன என்று பார்த்துவிடுவோம். கத்தோலிக்கத் திருச்சபையில் இலத்தீன் வழிபாட்டு முறைக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் எண் 1251, 1252 இரண்டும் போதும். ஒருசந்தியும் சுத்தபோசனமும் (இறைச்சி தவிர்ப்பதும்) சேர்ந்து கட்டாயமாகும் நாள்கள் வருடத்துக்கு இரண்டுதான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி, 59 நிறைந்ததும் முடிந்துவிடுகிறது. சுத்தபோசனம் 14 நிறைந்ததிலிருந்து. அதற்கு மேல்வரம்பு இல்லை. ஆக உங்கள் அம்மாமாரை ஒருசந்திச் சட்டம் கட்டுப்படுத்தவே இல்லை.

அளவையும் கவனியுங்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் ஒழுங்குபடுத்தியபடி, ஒருசந்தி என்பது நாளுக்கு ஒரு முழுச்சாப்பாடு. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாப்பிடத் தடையில்லை. தண்ணீர் கூடாது என்று எங்கும் இல்லை. சுத்தபோசனத்தில் விலக்குவது இறைச்சியை. முட்டை, பால், மீன் அதில் சேராது. (அதற்காகப் பெரிய வெள்ளியன்று வஞ்சிர வறுவல் விருந்து வைப்பதும் தவமில்லை, அது வேறு கதை.)

பட்டினி கிடப்பது, தவக்காலத்தின் 40 நாளும் கவிச்சி தொடாமல் இருப்பது எல்லாம் பெரியவர்கள் வளர்த்த பக்தி வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதை மீறினால் பாவம் என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

செவிலியர்_மதுரை:
உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் போன்றவற்றில்தான் ஆபத்து: மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்காது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வரும். கோயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து விசிறிக்கொண்டிருப்பார்கள்.

அறிகுறி தெரிந்தால், அல்லது குளுக்கோமீட்டரில் 70 mg/dL-க்குக் கீழே காட்டினால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழையுங்கள். இன்னொரு தப்பும் நடக்கிறது: "இன்னைக்குச் சாப்பிடலையே" என்று இன்சுலினைத் தாங்களே நிறுத்திவிடுவார்கள். அதுவும் ஆபத்து. மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. தவக்காலத்துக்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

தூத்துக்குடிக்காரன்:
எல்லாம் சரி. ஆனால் "உங்களுக்கு விலக்கு, போய்ச் சாப்பிடுங்க" என்று முடித்துவிட்டால், ஐம்பது வருடமாக ஒருசந்தி இருந்தவருக்கு அது இரக்கமாகத் தெரியாது. இனி நீ கணக்கில் இல்லை என்று ஒதுக்கியதுபோல இருக்கும். இன்னொரு பக்கம், நல்ல உடம்போடு இருக்கிற 30 வயதுக்காரரும் "கடவுள் இரக்கமுள்ளவர்" என்று பிரியாணிக் கடைக்குப் போகிறார். அவருக்கு விதியைச் சொல்லத்தான் வேண்டும்.

அன்பியப் பொறுப்பாளர்:
அந்த ஒதுக்கப்பட்ட உணர்வுதான் என் பிரச்சினையே. விலக்குக்குப் பதிலாக என்ன கொடுப்பது?

மறைக்கல்வி ஆசிரியர்:
எண் 1245 அதற்கு வழி வைத்திருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் பங்குத்தந்தை விலக்கு அளிக்கலாம், அல்லது அந்தக் கடமையை வேறொரு பக்தி முயற்சியாக மாற்றித் தரலாம். வயது தாண்டியவருக்குச் சட்டப்படி விலக்கே தேவையில்லை என்றாலும், சாமியார் வாயால் கேட்டால்தான் அந்த அம்மாமாருக்கு மனம் ஆறும். அதனால் நீங்கள் வாதாடாதீர்கள். அவரிடம் அழைத்துப் போங்கள்.

மாற்றாகச் சாப்பாட்டில் ருசியைக் குறைக்கலாம்: இட்லிக்குச் சட்னி, சாம்பார் வேண்டாம், பால் இல்லாத கஞ்சி, அளவும் நேரமும் வழக்கம்போல. மிச்சமாகும் காசை விவிலியத்தில் எசாயா 58 சொல்கிறபடி பசித்தவருக்குக் கொடுக்கலாம். இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையில் 14 நிலைக்கும் முழந்தாளிட முடியாதவர் உட்கார்ந்தே செபிக்கலாம்.

நற்கருணை (வழிபாட்டில் பெறும் திரு அப்பம்) வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்கும் விதியையும் (எண் 919) சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அந்த ஒரு மணிக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். இது தெரியாமல்தான் பலர் சர்க்கரை தாழ்ந்தும் கைப்பையில் இருக்கிற மிட்டாயை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.