மரத்தின் முடியா, கவிகையா, சடைப்பா? திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து, புதன்:

அன்பர்களே, வன அலுவலர்களுக்கான பயிற்சிக் கைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்கவேண்டும்.

நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் மரத்தின் விட்டத்தை அளப்பது இலகு. உயரத்தையும், மேலே கொப்பும் இலையுமாகப் பரந்திருக்கும் பகுதியையும் ஒவ்வொரு மரத்திலும் அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் சில மரங்களை முழுதாக அளந்து ஒரு சமன்பாடு கட்டி, மற்றவற்றுக்கு விட்டத்தை வைத்தே மதிப்பிடுகிறார்கள். எந்தத் தோப்பை எப்போது ஐதாக்குவது, அதாவது சில மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைப்பது, என்பதற்கு இந்தக் கணக்கு வேண்டும்.

அந்த மேற்பகுதிக்குத்தான் சொல் இல்லை. ‘முடி’ என்று போட்டேன். முடி நீளம், முடி அகலம், முடி விகிதம். மகள் வாசித்துவிட்டு, “அப்பா, இது சலூன் புத்தகமா?” என்கிறாள். ‘முடி உதிர்வு’ வரும் பக்கத்தை இன்னும் அவளுக்குக் காட்டவில்லை. ‘விதானம்’ வேண்டாம், அது காடு முழுவதற்குமான கூரை. எனக்குத் தனி மரத்தினது வேண்டும்.

கண்டியிலிருந்து, புதன் இரவு:

தம்பி, முடியில் என்ன பிழை? முடித்தல் என்றால் கட்டுதல். சேர்த்துக் கட்டிய கூந்தலும் முடி, வேந்தன் தலையில் ஏறியதும் முடி, மலையின் உச்சியும் முடி. பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சொற்களைக் கைவிட்டால் உயிரியலில் பாதி மிஞ்சாது.

உமக்குக் கூச்சமென்றால் ‘கவிகை’ இருக்கிறது. குறள் 389: ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’. கவிந்து நிற்பது கவிகை, குடை. நிழல் தருவதற்கு இதைவிட என்ன வேண்டும்? விதானத்தை நீர் விலக்கியது நல்லது. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு எங்கள் ஊர்த் தலைமைக்காரர் விதானையார்தான் நினைவுக்கு வருவார். அவர் நிழலில் ஒருவரும் தங்கியதில்லை.

வவுனியாவிலிருந்து, வியாழன்:

ஐயா கோபிக்கக்கூடாது. இளம் பைனஸ் கூம்பாக நிற்கும். அது எங்கே கவிகிறது? என்னோடு அளக்க வருகிற பொடியனிடம் “கவிகையின் அடி எது?” என்று கேட்டால் என் கையைப் பார்ப்பான்.

கொப்பும் இலையும் அடர்ந்திருந்தால் மரம் ‘சடைச்சு நிக்குது’ என்பதுதான் எங்கள் பேச்சு. ஆகவே ‘சடைப்பு’. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் நாடா பிடித்துச் சராசரி எடுத்தால் சடைப்பு அகலம். அதன் அடியிலிருந்து நுனிவரை சடைப்பு நீளம். நீளத்தை மர உயரத்தால் வகுத்தால் விகிதம். நெருக்கமாக நட்ட தேக்கில் கீழ்க்கொப்புகள் வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். சடைப்பு மேலே ஒதுங்கி விகிதம் குறைந்துவிடும். அதைப் பார்த்தாலே ஐதாக்கப் பிந்திவிட்டோம் என்று தெரியும்.

தெகிவளையிலிருந்து, வியாழன்:

சடைப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஒரு தன்மையின் பெயர், உறுப்பின் பெயர் அல்ல. இலை ஐதான மரத்துக்கு என்ன எழுதுவீர்கள், ‘சடைப்பில்லாத சடைப்பு’ என்றா? வகுப்பில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கண்டியிலிருந்து, வெள்ளி:

மரம் எது என்பதையே நாம் இன்னும் முடிவுசெய்யவில்லை. தொல்காப்பியர் மரபியலில் அகக்காழ் (உள்ளே வைரம்) உடையதே மரம், புறக்காழ் (வெளியே வைரம்) உடையது புல் என்கிறார். அப்படியானால் பனையும் தென்னையும் புல். இந்தக் கைநூலில் அவற்றுக்கு இடமுண்டா?

வவுனியாவிலிருந்து, வெள்ளி:

ஐயா, இதில் உங்கள் பக்கம் நான். பனைக்கு மற்ற மரங்களைப்போல ஆண்டுதோறும் தண்டு பருக்காது. உயரம் ஏறும், விட்டம் அப்படியே இருக்கும். விட்டத்திலிருந்து உயரத்தை மதிப்பிடும் சமன்பாடு அங்கே செல்லாது. தொல்காப்பியர் பிரித்த இடத்திலேயே எங்கள் கணக்கும் பிரிகிறது. பனையின் தலைக்கு நம்மிடம் சொல்லும் இருக்கிறது, ‘வட்டு’. ஷெல் விழுந்து வட்டில்லாமல் நின்ற பனைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சென்னையிலிருந்து, சனி:

‘கவிகை’க்கு என் வாக்கு. இன்னொன்று: வரைவில் ‘மாதிரி மரங்களைக் கொண்டு மாதிரி அமைத்தல்’ என்று இருக்கிறதே, எந்த மாதிரி எந்த மாதிரி?

வெள்ளவத்தையிலிருந்து, ஞாயிறு இரவு:

முதலாவது மாதிரி தெரிந்தெடுத்த மரங்கள், இரண்டாவது சமன்பாடு. இரண்டாவதை இலங்கை வழக்கப்படி ‘மாதிரியுரு’ என்று மாற்றிவிட்டேன், நன்றி.

நேற்று மாலை விகாரமகாதேவிப் பூங்காவில் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். நெருக்கடி இல்லாமல் தனித்து வளர்ந்த மரங்கள் நிஜமாகவே குடை விரித்துத்தான் நிற்கின்றன. ஆனால் கைநூல் பேசுவது பூங்காவைப் பற்றி அல்ல, நெருக்கி நட்ட தோப்பைப் பற்றி என்பதும் உறைத்தது.

கணக்குப் பார்த்தால் கவிகைக்கு நான்கு, சடைப்புக்கு மூன்று. முடிக்கு ஒருவருமில்லை, ஐயாவே கவிகைக்கு வந்துவிட்டார். ஆகவே ‘கவிகை’. முதன்முறை வருமிடத்தில் ‘மரம் சடைத்திருக்கும் பகுதி’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். பனைக்கு வட்டு. இனி நித்திரை.

வவுனியாவிலிருந்து, திங்கள் காலை:

சரி, அச்சாகட்டும். நான் களத்தில் சடைப்பு என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். அனுப்புமுன் ஒன்றைத் திருத்துங்கள். நீங்கள் பகிர்ந்த வரைபடத்தில் கவிகை நீளத்தின் கீழ் அம்புக்குறி காய்ந்த கொப்பில் நிற்கிறது. உயிருள்ள கொப்பிலிருந்துதான் அளக்கவேண்டும். அதை விட்டால் எந்தச் சொல்லைப் போட்டாலும் விகிதம் பிழைத்துவிடும்.