‘சிஸ்டர்ன்’: மழைக்கிணறா, ஏந்துகுழியா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைக் கிரேக்க வீடுகளில் மழைநீரைச் சேர்த்துவைத்த ‘சிஸ்டர்ன்’ என்பதற்குத் தமிழில் ‘மழைக்கிணறு’ என்றே வைத்துவிடலாம் என்று நேற்றைய மடல்களில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. கிணற்றில் நீர் கீழிருந்து ஊறும். இதிலோ மேலிருந்து வந்து இறங்கும். கிரேக்கர்களே இரண்டையும் பிரித்துத்தான் பேசினார்கள்: கிணற்றுக்கு ‘ஃபிரேயார்’, இதற்கு ‘லாக்கோஸ்’, அதாவது குழி.

கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் ஏதென்ஸ் வீடுகளில் பெருகியவற்றைப் பாருங்கள். கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த குடுவைபோலப் பாறையைக் குடைந்து, உள்ளே நீர் கசியாத சாந்து பூசியிருப்பார்கள். கூரைத் தண்ணீர் அதற்குள் இறங்கும். அந்தச் சாந்துதான் இதற்கு உயிர். இன்றைய துருக்கியில் இருந்த பழைய கிரேக்க நகரமான பெர்காமோனின் சட்டமொன்று கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது: வீட்டில் இதை வைத்திருப்பவர் ஒழுகாமல் பேண வேண்டும், தூர்த்துவிடக் கூடாது, தவறினால் 100 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) தண்டம். ஊற்று இல்லாத நகரம் மழைநீருக்கெனப் பெரிய தேக்கங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும், போரில் வெளித்தொடர்பு அறுந்தாலும் தண்ணீர் தீரக் கூடாது என்று அரிஸ்டாட்டிலும் எழுதினார்.

ஆகவே என் முன்மொழிவு ‘ஏந்துகுழி’. தேக்கத்தைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்லான ‘தெக்சமெனே’, ‘ஏற்றுக்கொள்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. ‘ஏந்து’ அதற்கு அழகாகப் பொருந்துகிறது. ‘ஏந்தல்’ என்றே வைக்கலாமே என்பவர்களுக்கு: அது மழையை நம்பிய சிறு கண்மாயின் பெயர், இராமநாதபுரம் பக்கத்து ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழ்கிறது. அதை இழுக்க வேண்டாம். ‘உறிஞ்சுகுழி’யோடு குழம்பாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். குழம்பாது, அது நீரை மண்ணுக்குக் கொடுத்துவிடும், இது கொடுக்காது. எதிரெதிரான இரண்டு, ஒரே அச்சில் வார்த்த இரு சொற்கள். மாணவருக்கு நினைவில் நிற்கும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். டெலோஸ் தீவின் நாடக அரங்கையொட்டி இருப்பது வரிசையாகக் கல் வளைவுகள் தாங்கிய பெரும் கட்டுமானம். அதைக் குழி என்றால் சிரிப்பார்கள். கட்டியவற்றுக்கு ‘ஏந்துதொட்டி’ என்று வைத்துக்கொள்வோம்.

ஏதென்ஸில் பக்கத்துப் பக்கத்து ஏந்துகுழிகளை நிலத்தடி வழியால் இணைப்பதும் உண்டு. அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, நிலத்தடி வழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ போதும். சிலப்பதிகாரத்து மதுரையிலேயே ‘சுருங்கை வீதி’ இருக்கிறது. வடமொழியின் ‘சுருங்கா’வும் நம் ‘சுருங்கை’யும் கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் ‘சூரிங்க்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. அப்படியானால் அவர்கள் சொல்லை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறோம்!

குழியின் வாயில் வைக்கும் சுடுமண் அல்லது பளிங்கு வளையத்துக்கு என்ன பெயர்? ‘உறை’ என்றால் உறைகிணறு நினைவுக்கு வந்து மறுபடி கிணற்றில் விழுகிறோம். ‘வாய்வளை’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.