நீர்கோத்த விலகல்: ஹராடா நோய்க் குறிப்புக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

ஹராடா நோய் என்னும் கண் அழற்சி நோய் பற்றிய நோயாளர் கையேட்டில், விழித்திரை தன் இடத்தைவிட்டுப் பெயர்வதை ‘விழித்திரை விலகல்’ என்று பொதுவாக எழுதினாலே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு நோயாளியின் மகள் என்னிடம், “திரை கிழிந்துவிட்டதென்றால் அறுவை செய்யாமல் மருந்தை மட்டும் ஏற்றுகிறார்களே, அம்மாவைக் கைவிட்டுவிட்டார்களா?” என்று கேட்டார். விலகல் என்றாலே கிழிசல் என்று எண்ணவைத்து அந்த அச்சத்தை விளைவித்தது நாம் தந்த சொல்தான்.

1926இல் ஜப்பானிய மருத்துவர் ஹராடா விவரித்த இந்நோயில் திரை கிழிவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் நிறமிச் செல்களையே தாக்குவதால் விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழல் படலம் அழன்று, அதிலிருந்து ஊறும் நீர் திரையைத் தூக்கிவிடுகிறது. பெரும்பாலும் இரு கண்களிலும் சில நாட்களுக்குள் பார்வை மங்குகிறது. அழற்சி தணிந்தால் நீர் வடிந்து திரை தன் இடத்தில் படியும். அதற்காகவே மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 நாட்கள் சிரை (இரத்தக்குழாய்) வழியே செலுத்திவிட்டு மாத்திரைக்கு மாறுவது வழக்கமாக உள்ளது.

ஆகவே ‘நீர்கோத்த விலகல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘கசிவு விலகல்’ என்றால் கண்ணிலிருந்து நீர் வெளியே ஒழுகுவதாகத் தோன்றும். ‘நீர்க்கோவை’யோ தலைபாரத்துக்கும் சளிக்கும் உரிய சொல்லாகிவிட்டது. கிழிசல் வகையிலும் திரைக்கு அடியில் நீர் சேர்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் அங்கே நீர் கிழிசல் வழியாகப் புகுகிறது. இங்கே, காலில் நீர் கோத்துக்கொள்வதைப் போல, காயமின்றி உள்ளிருந்தே ஊறிச் சேர்கிறது. கோத்த நீர் வடியும் என்பதும் நம் மக்களின் பேச்சிலேயே இருக்கிறது. அறுவை தேவைப்படும் வகையைக் ‘கிழிசல் விலகல்’ என்றும், நீரிழிவில் தழும்புத்திசு இழுப்பதால் வருவதை ‘இழுவை விலகல்’ என்றும் வேறுபடுத்தலாம்.

ஸ்டீராய்டை ‘ஊக்கமருந்து’ என்று எழுத வேண்டாம். விளையாட்டுச் செய்திகளால் அச்சொல் கறைபட்டுவிட்டது. ஸ்டீராய்டு என்றே இருக்கட்டும். அளவைக் குறைப்பதற்கும் புதுச்சொல் தேவையில்லை. ‘மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், பார்வை தெளிந்ததும் தாமாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்’ என்று முழு வாக்கியமாகவே தடித்த எழுத்தில் அச்சிடுவோம்.

‘ஊனீர் விலகல்’ (ஊனீர் என்பது இரத்தத்திலிருந்து ஊறும் நீர்) துல்லியமான சொல் என்பதால், மருத்துவ மாணவர்களுக்கான பட்டியலில் அதை இணைச்சொல்லாக வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் மட்டும் ‘நீர்கோத்த விலகல்’ என்று இருக்க வேண்டுகிறேன்.