40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் கிளீனர் டிரைவர்: தொட்டி அமைதியாக இருந்தாலும் மாஸ்ஃபெட் கொதிக்கிறது

கொலுசுப்பட்டறை எழுதியது:

சேலத்தில் என் மாமா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பாலிஷ் போட்டதும் அந்தச் சிவப்பு மெருகு கண்ணிகளுக்குள் போய் அப்பிக்கொள்ளும். இரண்டு அக்காக்கள் காலை முழுக்க டூத் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுக்கிறார்கள், விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அவர்களுக்காகத்தான், அதிர்வால் அழுக்கை உதறும் இந்த அல்ட்ராசோனிக் தொட்டி.

6 லிட்டர் ஸ்டீல் தொட்டி. அடியில் 60 வாட் டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் பீசோ செராமிக்) மூன்றை எபாக்ஸியால் ஒட்டி, பேரலலாக இணைத்திருக்கிறேன். சதுர அலை உண்டாக்க எஸ்ஜி 3525, கேட்டை இயக்க ஐஆர் 2110, மாறி மாறி ஆன் ஆகும் சுவிட்சாக இரண்டு ஐஆர்எஃப் 840 மாஸ்ஃபெட் வைத்து ஹாஃப் பிரிட்ஜ். டிசி பஸ் 310 வோல்ட். அங்கிருந்து 1:1 ஃபெரைட் டிரான்ஸ்பார்மர் வழியாக நேரே டிரான்ஸ்டியூசருக்கு.

40-க்குக் கொண்டுவந்தால் தொட்டி நன்றாக இரைகிறது. ஆனால் ஐந்து நிமிஷத்தில் ஹீட் சிங்க்கைத் தொட முடியவில்லை. நேற்றோடு நாலு மாஸ்ஃபெட் போயாச்சு. எனக்குப் புரியாதது இதுதான்: 33 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளி, தொட்டி சத்தமே இல்லாமல் இருக்கும்போதும் சூடு ஏறுகிறது. இன்னும் பெரிய மாஸ்ஃபெட் போட்டால் தாங்குமா?

அலைவரிசை எழுதியது:

தண்ணீர் சூடானால் ரெசனன்ஸ் (டிரான்ஸ்டியூசர் நன்றாக அதிரும் ஃப்ரீக்வென்சி) கீழே இறங்கும். சிடி 4046 ஐசி வைத்து பிஎல்எல் (ஃப்ரீக்வென்சியைத் தானே சரிசெய்யும் சர்க்யூட்) போடுங்கள், கரண்ட்டின் ஃபேஸைப் பார்த்து அதுவே பின்தொடரும். 4046-இல் ஆர்2 ரெசிஸ்டர் போட்டு ஃப்ரீக்வென்சியின் அடி எல்லையைக் கட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வேறு அதிர்வு மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய_பெஞ்ச் எழுதியது:

தம்பி, பெரிய மாஸ்ஃபெட் வாங்க வேண்டாம். 33-இலும் சூடு குறையவில்லை என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

ரெசனன்ஸை விட்டு விலகினால் டிரான்ஸ்டியூசர் வெறும் கெப்பாசிட்டர். எல்சிஆர் மீட்டரில் அளந்தால் ஒன்று சுமார் 4 நானோஃபாரட் காட்டும், மூன்றும் சேர்ந்து 12. சதுர அலை ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அதை 310 வோல்ட்டுக்கு நிரப்பிக் காலி செய்கிறீர்கள். ஒரு சைக்கிளுக்கு CV² (கெப்பாசிட்டன்ஸ் × வோல்ட்டேஜின் வர்க்கம்), அதாவது 1.15 மில்லிஜூல். நொடிக்கு 40,000 சைக்கிள் என்றால் 46 வாட். 33 கிலோஹெர்ட்ஸிலும் 38 வாட். இதில் பெரும்பங்கு மாஸ்ஃபெட்டுக்குள்தான் எரிகிறது. ஆன் ரெசிஸ்டன்ஸ் குறைந்த மாஸ்ஃபெட் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, கரண்ட் ஸ்பைக்தான் இன்னும் கூர்மையாகும்.

டிரான்ஸ்பார்மருக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் நடுவே சீரிஸில் ஓர் இண்டக்டர் வேண்டும். 12 நானோவோடு 40-இல் ரெசனேட் ஆக 1.3 மில்லிஹென்றி வரும். அதை அப்படியே சுற்றிவிடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கும்போது சுமையின் ரெசிஸ்டன்ஸ் அந்தக் கெப்பாசிட்டருக்குப் பேரலலாக நிற்பதால் பாதியளவே போதும். 0.6 மில்லிஹென்றியில் தொடங்கி, கரண்ட் வோல்ட்டேஜுக்குக் கொஞ்சம் பின்னால் வரும்வரை மெல்லக் கூட்டுங்கள். அந்தப் பின்தங்கல் இருந்தால் டெட் டைமுக்குள் (இரண்டு மாஸ்ஃபெட்டும் ஆஃப் ஆக இருக்கும் சின்ன இடைவேளை) இண்டக்டர் கரண்ட்டே அவற்றின் நடு முனையை மறுபக்கம் இழுத்துப் போட்டுவிடும், மாஸ்ஃபெட் வோல்ட்டேஜ் இல்லாமல் ஆன் ஆகும்.

இண்டக்டரின் ஃபெரைட் கோரில் கேப் (இடைவெளி) கட்டாயம். நான் முதலில் சுற்றியபோது கேப் விடவில்லை. கோர் சாச்சுரேட் ஆகி (இனி காந்தம் ஏறாத அளவுக்கு நிரம்பி), இண்டக்டர் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிற்று, அன்றைக்கே ஒரு ஜோடி மாஸ்ஃபெட் போனது. இரண்டு ஈ துண்டுகளுக்கும் நடுவே அட்டைத் துண்டு வைத்து, கூட்டிக் குறைத்து மதிப்பைப் பிடியுங்கள்.

பிஎல்எல் சொன்ன நண்பர் சொல்வது ஒரே டிரான்ஸ்டியூசர் உள்ள அல்ட்ராசோனிக் வெல்டிங் ஹார்னுக்கு ரொம்பச் சரி. கிளீனிங் தொட்டிக்கு நான் போட மாட்டேன். ஒட்டிய மூன்றும் ஒரே இடத்தில் ரெசனேட் ஆகாது, எதைப் பின்தொடர்வது? 3525-இன் 6-ஆவது பின்னில் ரெசிஸ்டர் வழியாக மெதுவான முக்கோண அலை கொடுத்து, ஃப்ரீக்வென்சியை அரை கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் அலையவிடுங்கள். சூட்டில் ரெசனன்ஸ் நகர்ந்தாலும் அலைச்சல் அதைத் தொட்டுவிட்டுப் போகும். தண்ணீரில் நிற்கும் அலையும் இடம் மாறும், கொலுசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுத்தமாகும்.

சோதிக்கும்போது 100 வாட் குண்டு பல்பு சீரிஸில் இருக்கட்டும். பஸ் பக்கம் மெயின்ஸோடு ஒட்டியது, ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அங்கே மாட்டவே கூடாது. டிரான்ஸ்டியூசருக்குக் குறுக்கே 1 மெகஓம் போடுங்கள். பவர் எடுத்த பிறகும், சூடு ஆறும்போது பீசோ தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், கை வைத்தால் அடிக்கும்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

அண்ணா, நாலு நாள் ஆச்சு எழுத. அட்டை மாற்றி மாற்றி 0.75 மில்லிஹென்றியில் நிறுத்தினேன். இருபது நிமிஷம் ஓடியும் ஹீட் சிங்க்கில் கை வைத்துக்கொண்டே இருக்க முடிகிறது! நீங்கள் சொன்ன அலைச்சலும் (ஸ்வீப்) போட்டாச்சு. ஒரு ஜோடிக் கொலுசை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். சலங்கை வாயிலிருந்து சிவப்பாகப் புகை மாதிரி கிளம்பித் தண்ணீரில் கலந்தது. அக்காக்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

ஒரு குறை. அதிர்வு எங்கெங்கே எட்டுகிறது என்று பார்க்க அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீருக்குள் முப்பது நொடி பிடித்துப் பார்த்தேன். நடுவிலும் வலப்பக்கமும் பொத்தல் பொத்தலாக இருக்கிறது, இடது மூலையில் ஒன்றுமில்லை.

பழைய_பெஞ்ச் எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி.

இடது மூலையில் ஒட்டு விட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். மூன்று டிரான்ஸ்டியூசரின் வயரையும் தனித்தனியே கழற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஓம் வழியாக ஒவ்வொன்றுக்கும் சிக்னல் கொடுத்து, 38 முதல் 42 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்தி, டிரான்ஸ்டியூசர் மேல் வோல்ட்டேஜ் எங்கே குழிகிறது என்று பாருங்கள். நன்றாக ஒட்டியதில் குழி அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். ஒட்டு விட்டது காற்றில் தொங்குவது மாதிரிதான், ஊசி குத்தியது போல் கூர்மையாக விழும். அப்படி விழுந்தால் அதை மட்டும் பெயர்த்து, தொட்டியின் அடியை எமரித்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். டிரான்ஸ்டியூசரின் நடு போல்ட்டைத் திருப்ப வேண்டாம், அந்த இறுக்கம் போனால் செராமிக் விரிசல் விடும்.