அமெரிக்க நகராட்சியிலிருந்து அப்பாவுக்கு ஆம்புலன்ஸ் பில்: எவ்வளவு கட்டுவது நியாயம்?

குடியாத்தத்துக்காரன்:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். கலிபோர்னியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அப்பா போயிருந்தபோது ஒரு நாள் காலையில் தலைசுற்றி விழுந்துவிட்டார். தங்கை பயந்துபோய் அங்கத்து அவசர எண் 911 அடித்தாள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் சேர்ந்தே வந்தன. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மாலையே அனுப்பிவிட்டார்கள். அப்பா இப்போது நலமாக ஊரில்தான் இருக்கிறார்.

ஆஸ்பத்திரி பில் தனி. இப்போது அந்த ஊர் நகராட்சி பெயரில் இன்னொன்று வந்திருக்கிறது:

ஏ0427 (ஆம்புலன்ஸ்): 2,650 டாலர்
ஏ0425 (பயண தூரம்), 7 மைல்: 385 டாலர்
ஆக்சிஜன்: 140 டாலர்
மொத்தம்: 3,175 டாலர்

நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். போகும்போது எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ், ஏற்கெனவே பிரஷர் இருந்தது என்று சொல்லிக் கைவிரித்துவிட்டது. அப்பா யாருக்கும் கடன் வைத்துப் பழகாதவர். பேர்ணாம்பட்டு ரோட்டில் இருக்கிற மனையை விற்றாவது கட்டிவிடு என்கிறார், ராத்திரியில் தூங்குவதில்லை. இந்த விலையை யார் வைக்கிறார்கள்? குறைக்க வழி உண்டா?

காட்பாடி ஜங்ஷன்:

அப்பா பத்திரமாக வந்துவிட்டார் அல்லவா, விடுங்கள். குடியாத்தம் வரைக்கும் வந்தா வசூல் செய்யப் போகிறார்கள்? இங்கே 2008லிருந்து 108 ஓடுகிறது, ஒரு பைசா வாங்குவதில்லை. ஆபத்தில் இருப்பவரைத் தூக்கிப் போவதற்குப் பில் போடுவதே தப்பு.

குடியாத்தத்துக்காரன்:

அப்படி விட மனசு வரவில்லை சார். தங்கை மாசமாக இருக்கிறாள், அம்மாவும் அப்பாவும் மறுபடி போக வேண்டியிருக்கும். வந்தவர்கள் அப்பாவை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நியாயமான தொகை என்றால் கட்டிவிடுவோம். எது நியாயம் என்றுதான் தெரியவில்லை.

ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட்:

அண்ணா, மனையைத் தொடாதீர்கள். நான் சென்னையில் மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் இருக்கிறேன். அமெரிக்க ஆம்புலன்ஸ் கிளைம்தான் எனக்குத் தினசரி வேலை.

அங்கே பல ஊர்களில் ஆம்புலன்ஸ் நகராட்சித் தீயணைப்புத் துறையின் கையில் இருக்கிறது. கட்டணத்தை நகர மன்றம் தீர்மானம் போட்டு வைக்கும். பட்டியல் நகராட்சி இணையதளத்திலேயே இருக்கும், முதலில் அதை எடுத்துப் பில்லோடு ஒப்பிடுங்கள். அப்புறம், சேவைக்கு ஆகிற நியாயமான செலவைத் தாண்டிக் கட்டணம் வாங்கினால் அது வரியாகிவிடும் என்று கலிபோர்னியாவில் 2010லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படியும் ஏன் இவ்வளவு என்றால், செலவு ஏழு மைலுக்கானது இல்லை. கூப்பிட்டால் சில நிமிடத்தில் வரும்படி வண்டியும் ஆளும் இருபத்துநாலு மணி நேரமும் காத்திருக்க வேண்டும். முதியோருக்கான மெடிக்கேர் திட்டம் தொகையைத் தானே வைக்கும், அதற்கு மேல் நோயாளியிடம் கேட்க முடியாது. ஏழைகளுக்கான மெடிகால் திட்டமும் அப்படியே. அங்கே விழும் துண்டை ஈடுகட்டத்தான் பட்டியல் விலை ஏறிக்கொண்டே போகிறது. எந்தத் திட்டமும் இல்லாத உங்கள் அப்பா போன்றவர் தலையில் முழு விலையும் வந்து விழுகிறது. இது எனக்குத் தினமும் மனசைப் பிசைகிற விஷயம்.

ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. ஏபி 716 என்ற கலிபோர்னியா சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாதவரிடமும் கைக்காசு போட்டுக் கட்டுகிறவரிடமும், மெடிக்கேர் தொகை, மெடிகால் தொகை இரண்டில் எது கூடுதலோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. விசிட்டர் பாலிசி மறுத்த கடிதத்தை இணைத்து, எங்களுக்கு அங்கே இன்சூரன்ஸ் இல்லை, ஏபி 716 படி திருத்திய பில் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். பில்லில் இருக்கும் போன் நம்பர் பெரும்பாலும் நகராட்சி அமர்த்திய பில்லிங் கம்பெனியுடையது. அவர்களுக்கு ஒரு கடிதம், நகராட்சி நிதிப் பிரிவுக்கு ஒரு நகல். சும்மா விட்டுவிட்டால் வசூல் ஏஜென்சிக்குப் போய்விடும், அதற்குப் பிறகு பேசுவது கஷ்டம்.

இன்னொன்று, மைல் கணக்கு. ஆள் வண்டியில் ஏறின இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைதான் எண்ண வேண்டும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்த தூரம் சேராது. பயண அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கொணவட்டம் வாசகர்:

ஏ0427 என்பது உயர்சிகிச்சை வண்டிக்கான கோடு. ஊசி, டிரிப்ஸ் எதுவும் போடவில்லை என்றால் அது சாதாரண வண்டிக்கான ஏ0429 தானே? அங்கேயே கொஞ்சம் குறையுமே. 2022ல் வந்த திடீர் பில் தடைச் சட்டத்தையும் காட்டலாம்.

ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட்:

இரண்டும் இங்கே ஒத்துவராது சார். அழைப்பு வந்த விதத்தைப் பார்த்து, உயர்சிகிச்சைப் பயிற்சி பெற்ற பாராமெடிக் வந்து சோதித்திருந்தால், ஊசி போடாவிட்டாலும் ஏ0427 போடலாம். மயங்கி விழுந்த முதியவர் என்றால் அனுப்பத்தான் செய்வார்கள். பாராமெடிக்கே வரவில்லை என்று அறிக்கையில் இருந்தால் மட்டும் கேள்வி கேளுங்கள். 2022 சட்டம் விமான ஆம்புலன்சுக்கு உண்டு, சாலை ஆம்புலன்சை விட்டுவிட்டார்கள். ஆக்சிஜன் விஷயத்தில்தான் பிடி கிடைக்கும். மெடிக்கேர் கணக்கில் அது அடிப்படைக் கட்டணத்திலேயே அடக்கம், பில்லில் தனியாக வராது.

சத்துவாச்சாரி அக்கா:

நடுவில் ஒரு சந்தேகம். வேலூரிலிருந்து சென்னைக்குத் தனியார் ஆம்புலன்சில் என் மாமியாரைக் கொண்டுபோனோம். வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் டோல் என்றும் ஜிஎஸ்டி என்றும் தனித்தனியாகப் போட்டு வாங்கினார்கள். சரியா?

காட்பாடி ஜங்ஷன்:

இரண்டுமே தப்பு அக்கா. தேசிய நெடுஞ்சாலையில் ஆம்புலன்சுக்கு டோல் கிடையாது. நோயாளியை ஏற்றிப்போகும் சேவைக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். கொரோனா சமயத்தில், 2021 மே மாதம், சாதாரண வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று தமிழக அரசு விலை வைத்தது. அந்த மாதிரி ஒரு பட்டியல் எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் நிரந்தரமாகத் தொங்க வேண்டும்.

குடியாத்தத்துக்காரன்:

திருத்திய பில் வந்துவிட்டது. அறிக்கையில் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நாலேகால் மைல் என்றுதான் இருந்தது, அதைத் திருத்திவிட்டார்கள். ஆக்சிஜன் கட்டணம் போய்விட்டது. மொத்தம் 1,200 டாலருக்குள் வந்திருக்கிறது, மாதத் தவணையும் தருகிறார்களாம். தங்கை அவள் கார்டிலிருந்து கட்டட்டுமா, இல்லை அப்பா பெயரில் இங்கிருந்து அனுப்ப வேண்டுமா தம்பி?

ராணிப்பேட்டை நைட் ஷிஃப்ட்:

ரொம்ப சந்தோஷம் அண்ணா. யார் கார்டில் கட்டினாலும் பரவாயில்லை, பில்லில் உள்ள கணக்கு எண்ணைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். ஆனால் பொறுப்பேற்பவர் என்று தங்கை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கடைசித் தவணை முடிந்ததும் பாக்கி இல்லை என்று எழுத்தில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, அப்பாவின் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள்.